மலையகத் தோட்டங்களும் கைத்தூய்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாறு அரசராலும் போர்களாலும் மட்டும் அமைவதன்று. அந்நாட்டு மக்கள் எந்நீரைப் பருகினர், எந்நோயால் மடிந்தனர், அந்நோயைத் தடுக்க அவர்க்கு என்ன வாய்ப்பு இருந்தது என்பனவும் வரலாற்றின் பகுதிகளேயாம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது, கைகளைத் தூய்மை செய்யுமாறு எல்லா அரசுகளும் மக்களை வேண்டின. கைகளிற் பூசும் தொற்றுநீக்கித் திரவத்துக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. நகர மக்கள் அதனைத் தேடிக் கடைதோறும் அலைந்தனர். ஆனால், நுவரெலியா மாவட்டத்து இராகலையைச் சூழ்ந்த மலைகளிலும் அவற்றையொத்த ஏனைய தேயிலைப் பகுதிகளிலும் வாழ்ந்த தொழிலாளர் பலர்க்கு அதனினும் பெரிய குறையொன்று இருந்தது. அது நீர்க்குறை. அக்குறை அவ்வாண்டில் தோன்றியதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு.

கை கழுவுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. உண்ணுமுன்னும் உண்டபின்னும் கை கழுவுதல் தொன்றுதொட்டு வருவது. எனினும், கையே நோயைக் கடத்தும் கருவியாகலாம் என்பதை மருத்துவத்துறையிற் கணக்குக் காட்டி நிறுவியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஆவார். வியன்னாப் பொது வைத்தியசாலையில், பிணப்பரிசோதனை செய்தோர் அதே கைகளாற் பிரசவம் பார்த்தமையே தாய்மாரின் உயிரைக் குடித்த சுரத்துக்குக் காரணம் என அவர் கண்டார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே நோயாளரைத் தொடவேண்டும் என விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, யூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. ஆயினும் மூத்த மருத்துவர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. 1865இல் அவர் மனநோயர் விடுதியில் மாண்டார். ஓர் அறிவு மெய்யாயிருத்தல் மட்டும் போதாது, அதிகாரமுடையோர் அதனை ஏற்றுச் செயற்படுத்தலும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

வியன்னாவில் இவ்வாராய்ச்சி நிகழ்ந்த காலத்திலேதான் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியிலே நல்ல நீரும் நிழலும் அரிதாயின. வாந்திபேதியும் வைசூரியும் பலரைக் கொன்றன. 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், இலங்கை அரசு தமிழகக் கரையிலுள்ள மண்டபத்தில் முகாம் அமைத்து, தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதித்தே உள்ளே வரவிட்டது. நோய் நாட்டினுட் புகாதிருக்க எடுக்கப்பட்ட இத்துணை முயற்சி, அவர்கள் குடியேறிய லயங்களின் நீருக்கும் மலகூடத்துக்கும் எடுக்கப்படவில்லை.

இவ்வேற்றுமையைத் தெளிவாகக் காட்டியது கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் இவ்வியக்கத்தைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் உடலில் இப்புழு இருந்தது. அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உடலுட் செல்லும் இப்புழு, குருதியை உறிஞ்சி உழைக்கும் வலிமையைக் கெடுக்கும். மருந்து கொடுத்ததும் புழு வெளியேறியது; ஆனால் மலகூடங்கள் இல்லாத இடங்களில் அதே மண் மீண்டும் அதே நோயைத் தந்தது. மருந்துக்குச் செலவு குறைவு. மலகூடம் கட்டுதற்கோ செலவு மிகுதி. தோட்டத்துரைமார் பலர் முன்னதை விரும்பிப் பின்னதைத் தள்ளிப் போட்டனர். நோயைப் போக்குவதும் நோய் தோன்றும் சூழலைப் போக்குவதும் ஒன்றல்ல என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

அப்பாடம் முழுதாகக் கற்கப்படாமைக்கு அரசியற் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியுரிமை படிப்படியாக மீண்ட பின்னரும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணிபுரிவதற்குத் தடையாய் நின்றது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. அதுவரை, பிரதேச சபைக்கு வாக்களித்த தொழிலாளி, தன் லயத்துக்குக் குழாய்நீரும் பாதையும் வேண்டுமெனத் தோட்ட நிருவாகத்தையே நாடவேண்டியிருந்தது.

சட்டம் திருந்தி ஈராண்டு சென்றதும் கொரோனா வந்தது. 2020 மார்ச் 20ஆம் நாள் இலங்கையில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. தேயிலைத் தோட்ட வேலை மட்டும் நிற்கவில்லை. தொற்றுநீக்கிக்கு எங்கும் தட்டுப்பாடு நிலவியது. இந்திய அரசு மார்ச் 13ஆம் நாள் அதனை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, பின்னர் 200 மில்லிலீற்றருக்கு 100 ரூபா என உச்சவிலை விதித்தது. பிரான்சில் வாசனைத் திரவியத் தொழிற்சாலைகளும் அதனை ஆக்கின. ஆயினும், மதுசாரம் கலந்த அத்திரவம் அழுக்குப் படிந்த கையில் நன்கு பயன்படுவதில்லை. நாள் முழுதும் கொழுந்து பறிப்பவரின் விரல்களிலே தேயிலைச் சாயமும் மண்ணும் கருமையாய்ப் படிந்திருக்கும். அத்தகைய கைக்குச் சவர்க்காரமும் ஓடும் நீருமே ஏற்றவை. கொரோனாக் கிருமியைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சவர்க்காரம் சிதைத்துவிடும். அதற்கு விலையுயர்ந்த திரவம் வேண்டுவதில்லை.

ஆனால் கொழுந்து மலையிலே குழாய் ஏது? கட்டிச் சென்ற உணவை அங்கேயே உண்பவர்க்குக் கைகழுவும் நீர் அருகில் கிடைப்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பராக்களில் வாழ்ந்தோர் பல குடும்பங்களாக ஒரே பீலியையும் ஒரே குழாயையும் பகிர்ந்தனர். ஒருவரையொருவர் விலகி நிற்றலும் அடிக்கடி கைகழுவுதலும் அங்கு எளியனவல்ல. அவ்வாண்டில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2021 மார்ச்சிலேதான் அது 1000 ரூபாவாகியது. அந்த வருவாயில் அரிசியும் மாவும் வாங்கிய பின்னரே சவர்க்காரத்துக்கு முறை வரும்.

மகாவலி கங்கைக்கு நீரூட்டும் மலைகளிலே, அம்மலைகளைப் பசுமையாக்கியவர் கைகழுவ நீரின்றி நின்றமை வரலாற்றின் முரண்பாடாகும். அது இயற்கையின் பிழையன்று. நீரை எவருக்குக் கொண்டு செல்வது என்று மனிதர் செய்த முடிவின் விளைவாகும். புதிய வீடுகளும் குழாய்களும் சில தோட்டங்களில் வந்துள்ளன. எல்லாத் தோட்டங்களுக்கும் அவை வந்தபாடில்லை. உடலின் தூய்மைக்கு நீர் இன்றியமையாதது என்பதை வெளிப்படையான உண்மையாகக் கொண்டே வள்ளுவர் வாய்மையின் இயல்பை விளக்கப் புகுந்தார். அவர்க்கு ஐயமின்றித் தோன்றிய அவ்வுண்மை, மலையக லயங்களில் இன்னும் ஒரு கோரிக்கையாகவே இருக்கிறது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் அக்கோரிக்கை நிறைவேறுமாயின், 1916இலும் 2020இலும் கிடைத்த பாடங்கள் வீணாகா.