தவளைக்கு வைரஸ் வந்தா என்ன ஆகும்? பெரிய தவளை தப்பிக்குது... தலைப்பிரட்டை ஏன் தப்பிக்கல?

ஒரே குளம், ஒரே வைரஸ். ஆனா பெரிய தவளை பிழைச்சுக்குது, தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமா செத்து மிதக்குது. வட அமெரிக்கக் குளங்களில் பலமுறை பதிவான காட்சி இது. காரணம் 'ரானாவைரஸ்'. தவளையின் உடம்பு இதை எப்படி எதிர்க்கிறது? எங்கே கோட்டை விடுகிறது? பார்க்கலாம்.

அது என்ன ரானாவைரஸ்?

தவளை, தேரை, சாலமாண்டர் மட்டுமல்ல, மீன்களையும் ஆமைகளையும் கூட தாக்கும் டிஎன்ஏ வைரஸ் வகை இது. தண்ணீர் வழியாகவும், செத்த தவளையைத் தின்பதாலும் பரவும். சிறுநீரகம், கல்லீரல், மண்ணீரலை சேதப்படுத்தும். உலக விலங்கு நல அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2008-ல் இது சேர்க்கப்பட்டது.

முதல் தடுப்பு: தோல்

தவளையின் வழவழப்பான தோலுக்கு அடியில் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் 'பெப்டைடு' எனப்படும் சின்னச் சின்ன புரதத் துணுக்குகளை இவை வெளியே விடும். சிறுத்தைத் தவளையின் தோலில் கிடைத்த இரண்டு பெப்டைடுகள், ஆய்வகச் சோதனையில் ரானாவைரஸை வேகமாக செயலிழக்கச் செய்தன.

இரண்டாவது: அலாரம்

தோலைத் தாண்டி வைரஸ் உள்ளே வந்துட்டா, பாதிக்கப்பட்ட செல்கள் 'இன்டர்பெரான்' என்ற புரதத்தை வெளியிடும். 'வைரஸ் வந்திருக்கு, உஷார்' என்று பக்கத்து செல்களுக்குச் சொல்லும் அலாரம் இது. மனித உடம்பிலும் இதே ஏற்பாடுதான்.

மூன்றாவது: டி செல் படை

ஆப்பிரிக்க நகத் தவளையை வைத்துத்தான் இதில் அதிகமாக ஆய்வு நடந்திருக்கிறது. வளர்ந்த நகத் தவளைக்குத் தொற்று வந்தால், மண்ணீரலில் 'சிடி8' வகை டி செல்கள் பெருகி சிறுநீரகத்துக்குப் போகும். வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும். சில வாரங்களில் தவளை தேறிவிடும். இந்த டி செல்களை ஆய்வாளர்கள் குறைத்துப் பார்த்தபோது, அதே தவளைகள் வைரஸிடம் தோற்றன. இரண்டாவது முறை தொற்று வந்தால் ஆன்டிபாடியும் சேர்ந்துகொள்ளும். குணமாவது இன்னும் வேகமாகும்.

அப்போ தலைப்பிரட்டைக்கு என்ன குறை?

வைரஸ் புகுந்த செல், அந்த வைரஸின் துண்டு ஒன்றை வெளியே தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் டி செல்லுக்கு அடையாளம் தெரியும். இதைக் காட்டும் 'எம்எச்சி வகுப்பு 1' புரதம், நகத் தவளையின் தலைப்பிரட்டையில் உருமாற்றம் வரை சரியாக வெளிப்படுவதில்லை. அதனால் டி செல் இருந்தும் எதிரி யாரென்று அதற்குத் தெரியாது. அலாரமும் பெரிய தவளையில் ஒலிக்கும் அளவுக்கு ஒலிப்பதில்லை.

இயற்கை ஏன் இப்படி வைத்தது? வால் போய், கால் முளைத்து, புதுப் புரதங்கள் உருவாகும் நேரத்தில் தன் உடம்பையே 'அந்நியன்' என்று நினைத்து டி செல்கள் தாக்கிவிடக் கூடாது என்பதே விஞ்ஞானிகள் தரும் விளக்கம். அந்தப் பாதுகாப்புக்குத் தலைப்பிரட்டை கொடுக்கும் விலைதான் இது.

தப்பித்த தவளையும் முழு நிம்மதி அடைய முடியாது. 'மேக்ரோபேஜ்' எனும் பாதுகாப்பு செல்லுக்குள்ளேயே வைரஸ் பதுங்கிக்கொள்ளலாம். வெளியே நலமாகத் தெரியும் தவளை, அடுத்த தலைமுறைக்கு நோயைக் கொடுக்கலாம்.

மனிதர்களுக்கு பரவுமா?

பரவாது. நம் உடல் வெப்பம் ரானாவைரஸுக்கு ஒத்துவராது. மாறாக, தவளையால் நமக்கு நன்மை வரலாம். கேரளத் தவளை ஒன்றின் தோலில் இருந்து எடுத்த பெப்டைடு, 'எச்1' வகை ஃப்ளூ வைரஸ்களை அழித்ததாக 2017-ல் ஆய்வு வெளியானது. எலிகளையும் அது காப்பாற்றியது. நம்மூர் சுருள்வாளான உருமியின் நினைவாக அதற்கு 'உருமின்' என்று பெயர் வைத்தார்கள். இது இன்னும் மருந்தாக வரவில்லை.

கவலை எங்கே?

எல்லா இனத்திலும் பெரிய தவளை தப்பிப்பதில்லை. பிரிட்டனில் செத்தவை பெரும்பாலும் வளர்ந்த தவளைகள். தொற்று திரும்பத் திரும்ப வந்த குளங்களில், சுமார் 12 ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 81 சதவீதம் சரிந்தது. ஆனால் சில குளங்களில் தவளைகள் தாக்குப்பிடித்தன. தொற்றைச் சந்தித்த கூட்டங்களில் எம்எச்சி மரபணுவிலும் வித்தியாசம் தெரிந்தது.

உலகின் நீர்நில வாழ்விகளில் சுமார் 41 சதவீத இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. வாழிட அழிப்பு, பருவநிலை மாற்றத்தோடு நோயும் சேர்ந்து தாக்குகிறது. அதனால் ஒரு குளத்துத் தவளையையோ தலைப்பிரட்டையையோ பிடித்து வேறு குளத்தில் விடாதீங்க. அதோடு வைரஸும் சேர்ந்து போகலாம்.