முதல் தண்ணியைக் கொட்டணும்: பிரேசிலில் இருந்து மார்த்தாண்டம் வரை ஒரு கிழங்கு

இன்னிக்கு ஒரு சமையல் சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சென்னைக்கு வேலைக்கு வந்த புதுசுல, ஒரு ஞாயித்துக்கிழமை மரச்சீனிக் கிழங்கு வாங்கிட்டு வந்தேன். மரவள்ளி, குச்சிக்கிழங்குன்னு உங்க ஊர்ல சொல்றது இதைத்தான். குக்கர்ல கொஞ்சமா தண்ணி விட்டு, மூடி, நாலு விசில். வாயில வச்சா லேசா கசப்பு. மார்த்தாண்டத்துல இருக்கிற பாட்டிக்கு போன் போட்டேன். நல்லா திட்டு வாங்கினேன்: "மொத வெள்ளத்தக் கொட்டாம கிழங்கு தின்னப்பிடாது மக்களே!" எங்க பக்கம் தண்ணிக்கு வெள்ளம்னுதான் பேச்சு.

அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற வரலாறுதான் இந்த எபிசோட்.

மரச்சீனி நம்ம மண்ணுல பிறந்தது இல்லை. அமேசான் பகுதியில், இன்றைய பிரேசில் பக்கம், பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்ட கிழங்கு. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுவந்தன. அவங்க மொழியில அது 'மண்டியோகா'. சிங்களத்தில் இன்னிக்கும் 'மஞ்ஞொக்கா'ன்னு சொல்றாங்க.

இப்போ கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற பகுதி, 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த சமஸ்தானத்தில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. விஷக்கிழங்குன்னு ஜனங்க பயந்தப்ப, அவரே அதைச் சமைக்கச் சொல்லி சாப்பிட்டுக் காட்டினார்னு ஒரு கதை எங்க ஊர்ப்பக்கம் உண்டு. கதை எப்படியோ, பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்தக் கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கு. கிழங்கு வெட்டுப்படும்போது அது சிதைஞ்சு சயனைடை வெளிவிடும். கசப்பு ரகங்களில் அதிகம், இனிப்பு ரகங்களில் குறைவு.

நாஞ்சில் நாடு, அதாவது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும், வயல் பூமி. நெல்லுக்குப் பேர் போனது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் சரிவுமா செம்மண். அந்த மண்ணுல கம்பை ஒடிச்சு நட்டாலே மரச்சீனி வந்துரும்.

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கை வெளியிலிருந்துதான் வாங்கியது, முக்கியமா பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வரத்து நின்னுபோச்சு. ரேஷன் வந்தது. அரிசி கிடைக்காத வீடுகளில் உலையில் ஏறியது மரச்சீனிதான். காலையில் அவிச்ச கிழங்கு, ராத்திரியும் அதே கிழங்கு. இந்தப் பஞ்சக் கதையைக் கேட்டுத்தான் எங்க தலைமுறை வளர்ந்தது.

ஆனா வெறும் கிழங்கைத் தின்னா உடம்பு தாங்காது. அதில் மாவுச்சத்துதான், புரதம் ரொம்பக் குறைவு. உடம்புக்குள்ள போற கொஞ்ச சயனைடையும் மாற்றி வெளியேத்த, புரதத்தில் இருக்கிற கந்தகச் சத்து வேணும். கசப்பு ரகத்தைச் சரியா பதப்படுத்தாம, புரதமும் இல்லாம சாப்பிட நேர்ந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் 'கொன்சோ' என்ற நோய் வந்து ஜனங்களுக்குக் கால் விளங்காம போனது.

எங்க ஊர்ல என்ன செஞ்சாங்க? தொலியை உரிச்சு, துண்டு போட்டு, நிறைய தண்ணியில திறந்து வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டினாங்க. பக்கத்துலயே கடல். மலிவா கிடைச்ச சாளையில தேங்கா அரைச்ச மீன்கறி வச்சாங்க. லேபும் இல்ல, டயட் சார்ட்டும் இல்ல. விஷத்தைத் தண்ணியோட கொட்டி, இல்லாத புரதத்தை மீனில் சேர்த்துட்டாங்க.

மக்காச்சோளத்தின் கதை இதற்கு நேர்மாறு. மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சுத்தான் அரைப்பாங்க. ஐரோப்பா சோளத்தை எடுத்துக்கிட்டது, அந்தப் பக்குவத்தை விட்டுட்டது. சோளமே முழு உணவாகிப்போன ஏழைகளுக்கு பெல்லக்ரா என்ற கொடிய நோய் வந்தது.

நம்ம மிளகாயும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். நாஞ்சில் நாட்டுல அது மிளகுங்கிற பேரையே எடுத்துக்கிச்சு. பழைய மிளகை 'நல்ல மிளகு'ன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டியதாச்சு!

இவ்வளவு இருந்தும், விருந்தாள் வந்தா எங்க பாட்டி கிழங்குச் சட்டியை உள்ள தள்ளி வைப்பாங்க. இல்லாதப்பட்டவங்க சாப்பாடுன்னு வெட்கம். இன்னிக்கு அதே கிழங்கும் மீன்கறியும் ஓட்டல் மெனுவில் நல்ல விலைக்கு வருது. பாட்டிகிட்ட சொன்னேன். "வெள்ளத்தக் கொட்டுகானா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

உலகச் சமையல் எதையாவது வீட்ல செஞ்சு பார்க்கப் போறீங்கன்னா, பொருளை மட்டும் வாங்காதீங்க. அந்த ஊர் அம்மாக்கள் அதை என்ன பண்ணிச் சமைக்கிறாங்கன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.