அப்பத்தாவின் மரு எங்கே? செல்ஃபி போன்களின் கதை

இந்த எபிசோடை ஒரு போட்டோவுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பத்தா 2018-ல இறந்தாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும். கடைசி சில வருஷத்துல தனியா எடுத்த படம் ஒண்ணுகூட இல்லை. பேரப்பிள்ளைங்க சேர்ந்து நின்னு எடுத்த செல்ஃபி மட்டும் ஏகப்பட்டது இருந்துச்சு. அதுல நல்லதா ஒண்ணை எடுத்து, ஸ்டூடியோவுல குடுத்து பெருசு பண்ணி, ஃப்ரேம் போட்டு வாங்கிட்டு வந்தோம். பெரிய அத்தை பார்த்துட்டு கேட்டாங்க: "அம்மா கன்னத்துல இருந்த மரு எங்கடா?"

மரு இல்லை. நெத்தியில சுருக்கம் இல்லை. நிறமும் வெளுத்திருக்கு. ஸ்டூடியோக்காரர் அதுல கையே வைக்கலை. படம் எடுக்கும்போதே போன் எல்லாத்தையும் துடைச்சுடுச்சு.

அந்த போனை வாங்கும்போது நாங்க கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: முன்னாடி கேமரா எத்தனை மெகாபிக்சல்? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, அது ஏன் போதாது என்பதுதான் இன்றைய கதை.

தன்னைத்தானே படம் எடுப்பது போனோடு வந்த பழக்கம் இல்லை. 1839-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்பவர் தன் குடும்பத்தின் விளக்குக் கடை அருகே கேமராவை நிறுத்தி, அதன் முன்னால் அசையாமல் நின்று தன்னையே படம் எடுத்தார். இன்று அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. முடி கலைஞ்சிருக்கும். ஆள் நடுவுல இல்லாம ஓரமா இருப்பார். ஆனா அது அவரோட முகம்தான், அதுல சந்தேகம் இல்லை.

அடுத்து ஜப்பான், 1999. கியோசெரா நிறுவனம் விபி-210 என்ற போனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 40,000 யென். அதில் இருந்த ஒரே கேமரா, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. 1,10,000 பிக்சல், வினாடிக்கு இரண்டு படம். நோக்கம் அழகு இல்லை. எதிர்முனையில இருக்கிறவருக்கு முகத்தைக் காட்டணும், அவ்வளவுதான். 2010-ல் வந்த ஐபோன் 4-இலும் இதே கதைதான். பின்பக்கம் 5 மெகாபிக்சல், முன்பக்கம் வீடியோ அழைப்புக்காக வெறும் 0.3 மெகாபிக்சல்.

அப்போ அழகுபடுத்துற வேலை எங்கே ஆரம்பிச்சது? அதுவும் ஜப்பானில்தான். 1995-ல் அங்கே 'பூரிகுரா' என்ற போட்டோ பெட்டிகள் வந்தன. தோழிகள் கூட்டமாக உள்ளே போய், காசு போட்டு, ஸ்டிக்கராகப் படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வந்த பெட்டிகள் கண்ணைப் பெரிதாக்கின, தோலை வெளுப்பாக்கின. சீனாவின் மெய்டு நிறுவனம் 2008-ல் அதே வேலையைச் செய்யும் மென்பொருளைக் கொண்டு வந்தது. 2013-ல் சொந்தமாக ஒரு போனையே விற்றது. முன்னாலும் பின்னாலும் 8 மெகாபிக்சல் கேமரா. அதே ஆண்டுதான் 'செல்ஃபி' என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

அதுக்கப்புறம் போட்டி சூடு பிடிச்சது. 2014-ல் சோனி எக்ஸ்பீரியா சி3, லூமியா 730, எச்டிசி டிசையர் ஐ மூன்றும் வரிசையாக வந்தன. எச்டிசியில் இரண்டு பக்கமும் 13 மெகாபிக்சல். இந்தியாவில் 2016-ல் ஓப்போ எஃப்1 வந்தது. அந்த நவம்பரில், பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்ச அதே மாசம், விவோ வி5 வந்தது. விலை 17,980 ரூபாய். பின்பக்கம் 13 மெகாபிக்சல், முன்பக்கம் 20. உலகத்தைப் பார்க்கிற கேமராவை விட நம்மைப் பார்க்கிற கேமராவுக்கு எண் பெருசு! ஐபிஎல் பெயரோடு விவோ, 2017 முதல் இந்திய அணியின் சட்டையில் ஓப்போ. கிரிக்கெட் பார்த்த எல்லார் காதிலும் அந்தப் பெயர்கள் விழுந்தன.

இப்போ அந்த எண்ணைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். முன்பக்கக் கேமராவின் சென்சார் ரொம்பச் சின்னது. ஒரே வயலை அதிகப் பாத்தியாப் பிரிச்சா ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணி குறையும் இல்லையா? அதே மாதிரி, மெகாபிக்சல் கூடக்கூட ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் குறையும். சாயங்காலம் ஆனா படத்துல புள்ளி புள்ளியா இரைச்சல் வரும். அதை மென்பொருள் துடைக்கும். துடைக்கும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து போகும். அதுக்கு மேல பியூட்டி மோட். முகத்தைக் கண்டுபிடித்து, மருவையும் சுருக்கத்தையும் 'குறை' என்று எடுத்துக்கொண்டு வழவழப்பாக்கும், நிறத்தைக் கூட்டும், தாடையைச் சுருக்கும். எது குறை, எது முகம்னு நம்மகிட்ட கேட்கிறதில்லை. சிவப்பழகு கிரீம் விற்ற ஊரில் இது சுலபமா விலைபோச்சு.

பியூட்டி மோட் இல்லாமலும் செல்ஃபி முகத்தை மாத்தும். 2018-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுத்ததை விடச் சுமார் 30% அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டது. அது லென்ஸின் குற்றம் இல்லை, தூரத்தின் விளைவு.

நிறுவனங்களும் கொஞ்சம் மனம் மாறின. கூகுள் 2020-ல் தன் பிக்சல் போன்களில் முகத்தைத் திருத்தும் வசதியைத் தானாக இயங்காதபடி அணைத்து வைத்தது. 2021-ல் பிக்சல் 6-இல் கருத்த தோலின் நிறத்தை உள்ளபடி காட்ட 'ரியல் டோன்' என்று தனியாகவே வேலை செய்தது.

அதனால செல்ஃபிக்காக போன் வாங்கப் போறவங்க கடையிலயே மூணு சோதனை செஞ்சு பாருங்க. ஒண்ணு, பியூட்டி மோடைத் தேடிப்பிடிச்சு முழுசா அணைங்க. கேமராவை மூடித் திறந்தா அது திரும்ப வருதான்னு பாருங்க. ரெண்டு, வெளிச்சம் குறைவான மூலையில நின்னு எடுத்து, படத்தைப் பெருசாக்கி புருவ முடி தனித்தனியாத் தெரியுதான்னு பாருங்க. மூணு, அதே இடத்துல பின்பக்கக் கேமராவாலயும் ஒரு படம் எடுங்க. ரெண்டுலயும் உங்க நிறம் ஒண்ணா இருக்கணும். எண்ணை அப்புறம் கேளுங்க.

எங்க வீட்டுப் படத்துக்கு வருவோம். மரு தெரியற படம் ஒண்ணுக்காக எல்லார் போனையும் தேடினோம், கிடைக்கலை. காரியத்தன்னிக்குக் காலையில பெரிய அத்தை ஒரு கருப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, ஃப்ரேம் கண்ணாடி மேலயே கன்னத்துல ஒரு புள்ளி வெச்சாங்க. தூசி துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் இன்னைக்கும் யாரும் தொடுறதில்லை.