செருப்பும் சந்நிதியும்

பேரணாம்பட்டுக்குச் செல்லும் வழியில், ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடும் பழைய ஷாப்பு ஒன்றினுள் சில ஆண்டுகளுக்கு முன் நான் நுழைந்தபோது, முதலில் எதிர்கொண்டது நாற்றம். அது சற்றே பழகிய பின்னர்தான், தரையில் வரிசையாக அமைந்திருந்த குழிகளும், அவற்றில் கஷாயம் போன்ற செந்நிறச் சாற்றில் மூழ்கிக் கிடந்த தோல்களும் கண்ணுக்குப் புலனாயின. முதிர்ந்த தொழிலாளி ஒருவர் முழங்கை மறையக் கையை விட்டு ஓர் ஆட்டுத்தோலை வெளியே எடுத்து, அதன் கழுத்துப்புறத்து ஓரத்தைக் கத்தியால் விரல் நகமளவு அறுத்து, வெட்டுவாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இருபுறமும் பழுப்பேறியிருந்த அந்தத் தோலின் நடுவே நூலிழை போல ஒரு வெண்கோடு ஓடிற்று. "வெள்ளை தெரியுது பாருங்க சார், உள்ள சாறு ஏறல, இன்னும் ரெண்டு நாளு ஆவணும்" என்று சொல்லி, அதை மீண்டும் குழிக்குள் அமிழ்த்திவிட்டார்.

அன்று அவர் தோலை அமிழ்த்திய அந்தக் கையசைவை நான் முன்னரே ஒரு சித்திரத்தில் கண்டிருக்கிறேன். நைல் நதியின் மேற்குக் கரையில், தீப்ஸ் நகரத்துப் பிரபுக்களின் கல்லறைகளுக்கிடையே, ஏறக்குறைய 3,450 ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாம் துத்மோசிஸ் என்ற மன்னனுக்குப் பிரதம மந்திரியாக விளங்கிய ரெக்மிரே என்பவனின் கல்லறைச் சுவரில் தோல் தொழிலாளர் பலர் தீட்டப்பட்டுள்ளனர். ஒருவன் பெரிய ஜாடிக்குள் தோலை முக்குகிறான். ஒருவன் மரச் சட்டத்தின்மேல் அதை இழுத்து இழுத்து மிருதுவாக்குகிறான். ஒருவன் பிறை வடிவான கத்தியால் அடித்தோலை வெட்டுகிறான். இன்னொருவன், வாரைத் துளையில் கோத்து, இரு கைகளும் செருப்பைப் பற்றியிருப்பதால், அதன் நுனியைப் பற்களால் கவ்வி இழுக்கிறான். உழைப்பவனின் உடலை இத்தனை கவனத்தோடு பார்த்தெழுதிய தூரிகைகள் பண்டை உலகில் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

மந்திரியின் சமாதியில் செருப்புத் தைப்பவனுக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு விடை எகிப்தியரின் பரலோக நம்பிக்கையிலேயே இருக்கிறது. மரணம் அவர்களுக்கு முடிவன்று. தேகம் கெடாதிருக்க வேண்டும், பெயர் அழியாதிருக்க வேண்டும், உண்ண உணவும் உடுக்க உடையும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். சுவரில் எழுதப்பட்ட அப்பமும் மதுவும் இறந்தவனுக்கு என்றென்றும் உண்மையான அப்பமும் மதுவுமாகவே பயன்படும் என்று அவர்கள் மனமார நம்பினர். உழவன், பொற்கொல்லன், தச்சன், தோல் தொழிலாளி ஆகிய அனைவரும் அச்சுவர்களில் இடம்பெற்றதற்கு எஜமானனின் அந்த நித்தியத் தேவையே முக்கிய காரணம். ஆனால் தேவைக்காக எழுதியவர்கள் கலைஞர்களாகவும் இருந்துவிட்டமையால், நமக்கு ஒரு தொழிலின் சரித்திரமே கிடைத்துவிட்டது.

இத்தனை உழைத்தவனுக்கு அந்தச் சமூகம் அளித்த ஸ்தானமோ உயர்ந்ததன்று. எழுத்தர் பதவிக்குப் பயிலும் மாணவர்கள் பார்த்தெழுதிப் பழகிய நூலொன்று, பிற தொழில்களின் இழிவை ஒவ்வொன்றாகக் காட்டி எழுத்தறிவின் பெருமையைப் போதிக்கிறது. செருப்புத் தைப்பவனும் அங்கே இரக்கத்துக்குரியவனாகவே வருகிறான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைப் பற்றி எழுதிய கிரேக்கரான ஹெரோடோட்டஸ், அங்குள்ள கோயில் பூசாரிகள் சணல்நூல் ஆடையையும் பாப்பிரஸ் நாணலால் பின்னிய செருப்பையும் அன்றி வேறெதையும் அணிவதில்லை என்று குறிப்பிடுகிறார். எனினும் இறந்தவனின் வாயைத் திறந்து அவனுக்கு மீண்டும் உயிர்ப்பளிக்கும் மகத்தான சடங்கைச் செய்யும் பூசாரி சிறுத்தைத் தோலைப் போர்த்திக்கொண்டுதான் அதைச் செய்தான். 1922ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் சமாதியின் சுவரில், அடுத்து அரசனாகிய அய் அந்தக் கோலத்திலேயே நிற்பதைக் காணலாம்.

இது நமக்குப் புதிய செய்தியா? வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் வாயிலில் நாம் செருப்பைக் கழற்றி வைக்கிறோம். உள்ளே நாம் வணங்கும் இறைவனோ புலித்தோலை உடுத்தவன் என்று பாடப்பெறுபவன். அவன் சந்நிதியில் முழங்கும் மத்தளத்தின் இருமுகமும் தோல். தோலை இவ்வாறு இருவகையாக மதித்த நாம், அதைப் பதனிட்ட மனிதனை மட்டும் ஒரே வகையாக மதித்து ஊருக்கு வெளியே நிறுத்தினோம். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, மயிர் களைந்து, சதை சீவி, கால் வெந்தவர்களில் பெரும்பகுதியினர் அவ்வாறு நிறுத்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்களே என்பதை இப்பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதுவோர் முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று கருதுகிறேன்.

இரு நதிக்கரைகளையும் இணைக்கும் மரம் ஒன்றும் உண்டு. நம் ஏரிகளில் வளரும் கருவேலத்துக்குத் தாவர சாஸ்திரிகள் இட்ட பெயரில் நைல் நதியின் பெயரே ஒலிக்கிறது. எகிப்தியர் எண்ணெயும் படிகாரமும் கொண்டு தோலைப் பக்குவம் செய்ததோடு கருவேலங்காயின் துவர்ப்பையும் பயன்படுத்தினர். அதை எக்காலத்தில் கைக்கொண்டனர் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. வட இந்தியாவில் கான்பூர்த் தொழிலும் கருவேலம்பட்டையை நம்பியே வளர்ந்தது. தெற்கே நம்மவர்களுக்கு மேட்டு நிலமெங்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை வாய்த்தது. அதன் பட்டை தோலுக்கு வெளிறிய நிறத்தைத் தருவதாலும், கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் இட்டு நிறத்தை நிலைநிறுத்தும் வழக்கம் இருந்தமையாலும், இங்கிருந்து சென்ற அரைப்பதத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனி மதிப்பு இருந்தது.

எகிப்தியரின் சாதனைகளைச் சொல்வோர் பிரமிடுகளின் கற்களையே எண்ணிச் சொல்வார்கள். தோலுக்கும் அதில் பங்குண்டு. மெகிட்டோ யுத்தத்தில் துத்மோசிஸ் பெற்ற வெற்றியின் விவரங்கள் தோல் சுருளில் எழுதப்பட்டு ஆமன் கோயிலில் வைக்கப்பட்டதாகக் கர்னாக் சாசனம் கூறுகிறது. தோல் செருப்பை அணியாத பூசாரிகளின் கோயில்களுள் ஒன்று தன் அரசனின் புகழைத் தோலில்தான் காத்தது! பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் தோல் சுருள் ஒன்று, அங்கு வந்து சேர்ந்து 60 ஆண்டுகளுக்கு மேல் விரித்தால் நொறுங்கிவிடும் என்ற அச்சத்தால் சுருண்டபடியே கிடந்து, 1927ஆம் ஆண்டில் ரசாயன முறையால் மிருதுவாக்கி விரிக்கப்பட்டது. உள்ளே இருந்தவை 26 பின்னக் கணக்குகள், அதுவும் இருமுறை எழுதப்பட்டவை. கணக்குப் பழகிய எவனோ ஒருவனின் கைப்பிரதி போலும்.

பாலாற்றுக்குத் திரும்புவோம். மேலே மணலும் அடியில் நல்ல ஊற்றும் உடைய அந்நதியின் நீரை நம்பியே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் இத்தொழில் வேரூன்றிற்று. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதில் ஈட்டிய பொருளைக் கல்விக்கும் வழங்கினர். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி அதற்குச் சான்று. பின்னர் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பு வந்தது. ஆவாரம்பட்டைக் குழியில் வாரக்கணக்கில் நடந்த வேலையை அது ஓரிரு நாளில் முடித்தது. கழிவு நதியில் கலந்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வின் கணக்கு இடம்பெற்றது. கேடு செய்தவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நியதி இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றப்படுவதற்கு எங்கள் ஆறு இவ்வளவு பெரிய விலையைக் கொடுத்தது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

அந்த ஆற்றின் கரையில், ஆம்பூரில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் உண்டு. ஆமையூர் என்று அன்று வழங்கிய அவ்வூரின் ஆநிரையைக் கவர நுளம்பனின் படை வந்தபோது எதிர்த்துப் பொருது மாண்ட வீரருக்காக நாட்டப்பட்டவை அவை. எகிப்தியர் மலையைக் குடைந்தும் கல்லை அடுக்கியும் செய்ததை நம்மவர் ஒற்றைக் கல்லில் செய்தனர். இறந்தவனின் பெயர் வாழ வேண்டும் என்ற ஆசை இரண்டிலும் ஒன்றே. மாட்டுக்காக மாண்டவனுக்குக் கல் கிடைத்தது. அந்த மாடு செத்த பின் அதன் தோலை உரித்துப் பதனிட்டு, ஏற்றத்துக்குப் பறியாகவும் கூத்துக்குப் பறையாகவும் ஆக்கிக் கொடுத்தவனுக்காக இப்பக்கத்தில் ஒரு கல்லையும் நான் கண்டதில்லை. ரெக்மிரேயின் சுவரிலோ, வாரைப் பற்களால் கவ்வியபடி, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, அந்த மனிதன் இன்னமும் இழுத்துக்கொண்டிருக்கிறான்.