கோப்புக்கு ஆயுள் குறித்த குமாஸ்தாக்கள்

"சர்வர்ல இடம் இல்ல, பழைய லாக் எல்லாத்தையும் அழிச்சிடலாமா?" அலுவலக மென்பொருளைப் பராமரிக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதுசு இல்லை. யார், எப்போது உள்ளே வந்தார், எந்தப் பதிவைத் திருத்தினார் என்று கணினி தானாக எழுதி வைப்பதுதான் லாக். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற கவலை கணினிக்கு ரொம்ப முந்தியது.

சென்னை மாகாண வருவாய் அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று இருந்தது. இன்றும் நம் தாலுகா ஆபீஸ்களில் அதன் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. வரும் தபால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். பிறகு அந்தந்தப் பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில், என்றைக்கு வந்தது, என்றைக்கு யாருக்குப் போனது என்று வரிசையாகக் குறிக்கப்படும். இதைவிடத் தெளிவான லாக் எது?

கோப்பை முடிக்கும் அன்றே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். 'ஆர்.டிஸ்' என்றால் நிரந்தரம். 'டி.டிஸ்' 10 வருஷம், 'கே.டிஸ்' 3 வருஷம், 'எல்.டிஸ்' 1 வருஷம். எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதல்ல கணக்கு; பின்னால் யாராவது இதைக் கேட்டு வருவார்களா என்பதுதான்.

கேட்டு வந்தார்கள். அந்தியூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1979 வரை அந்தியூர், பவானி தாலுகாவில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம் பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதே வருஷம்தான் தமிழ்நாடு முழுக்க யூ.டி.ஆர் என்கிற நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கி 1987 வரை நடந்தது. நடுவில், 1980 நவம்பரில், தலைமுறை தலைமுறையாக ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் பதவியே ஒழிக்கப்பட்டது. எந்தக் காடு யாருடையது என்று வாய்வழியாகத் தெரிந்தவர் போய்விட்டார். புதுப் பதிவேடு மட்டும் மிஞ்சியது.

"யூ.டி.ஆர்ல பேரு மாறிப் போச்சுங்க" என்ற பேச்சைக் கொங்கு நாட்டில் இன்றும் கேட்கலாம். அப்படிச் சொல்பவருக்குக் கைகொடுப்பது கிரயப் பத்திரமும் யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடும் செட்டில்மெண்ட் பதிவேடும்தான். புதுசு வந்தாச்சே என்று பழசைக் கழித்திருந்தால், தப்பு நடந்ததையே நிரூபிக்க முடியாது.

இப்போது பட்டா மாற்றம் கணினியில் நடக்கிறது. திருத்தியது யார் என்பதைச் சொல்ல கர்ணத்தின் கையெழுத்து இல்லை, லாக் வரிதான் இருக்கிறது. ஆனால் லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் லாக்ரொட்டேட் என்ற நிரல் வாரம் ஒருமுறை லாக்கை மாற்றி, நாலு வாரத்துக்கு மேற்பட்டதைத் தானே அழிக்கும். அமைப்பை நாம் மாற்றாவிட்டால் அதுதான் சட்டம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு, லாக்குகளை 180 நாட்களாவது வைத்திருக்கச் சொன்னது. இணையத் தாக்குதலை விசாரிக்க அது போதலாம். நிலத் தகராறோ பேரன் காலத்தில்தான் வெளியே வரும்.

அதனால் லாக்கைத் துப்புரவு செய்பவர்கள் முதலில் பிரித்துப் பாருங்கள். சர்வர் மூச்சு விட்டதையெல்லாம் எழுதிய வரிகள் 'எல்.டிஸ்', தாராளமாகப் போகட்டும். ஒருவருடைய பெயரையோ அளவையோ பணத்தையோ மாற்றிய வரி 'ஆர்.டிஸ்'. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.