பேர் சொல்லாத மருந்து

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் டப்பா செட்டிக் கடையிலும், அதையொத்த பிற நாட்டு மருந்துக் கடைகளிலும், குழந்தை பிறந்த வீட்டார் தவறாமல் கேட்டு வாங்கும் சரக்கு வசம்பு. சதுப்பு நிலத்தில் வளரும் பூண்டு ஒன்றின் கிழங்கான இது, காய்ந்தபின் விரல் பருமனில், மேலே இலைத் தழும்புகள் வரிவரியாகவும் அடியில் வேர் உதிர்ந்த புள்ளிகளாகவும் தெரிய, ஒடித்தால் நெடியடிக்கும். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றோடு கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் புகட்டும் ‘உரை மருந்தில்’ இது சேரும். வயிறு உப்பி அழும் குழந்தைக்கு, விளக்குச் சுடரில் சுட்டுக் கரியாக்கி, எண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவதும், துண்டுகளைக் கோத்து மணிக்கட்டில் வளையலாகக் கட்டுவதும் வழக்கம்.

இந்தப் பயன்பாட்டால் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற பெயரும் இதற்கு வந்தது. பொழுது சாய்ந்தபின் இதன் இயற்பெயரை வாய்விட்டுச் சொல்லலாகாது என்ற நம்பிக்கையால், ‘பேர் சொல்லாதது’ என்றே கேட்டு வாங்கினர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஒயிட்லா ஐன்ஸ்லி, தென்னாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813இல் சென்னையிலும், விரிவாக்கி 1826இல் லண்டனிலும் வெளியிட்டார். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுகளுக்கு வசம்பு அத்தனை மதிக்கப்பட்டதால், நள்ளிரவில் அதைக் கேட்டு வருபவருக்குக் கதவைத் திறந்து விற்க மறுக்கும் கடைக்காரர் தண்டம் செலுத்த நேரும் என்று அவர் பதிவு செய்துள்ளார். இரவில் வாங்குபவர் பெயரைச் சொல்லக் கூடாது, விற்பவரோ இல்லையென மறுக்கக் கூடாது என்ற இவ்விரு கட்டுப்பாடுகளும், இச்சரக்கு மருந்துக்கும் மந்திரத்துக்கும் இடையில் எங்கே நின்றது என்பதை வைத்திய நூல்களைவிடத் தெளிவாகவே காட்டுகின்றன.

இதே பூண்டு ஐரோப்பாவில் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் துருக்கி வழியாக வந்து, வியன்னாவில் தாவர அறிஞர் குளூசியஸின் பராமரிப்பில் வளர்ந்து, பின்னர் ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் காட்டுச்செடியாகப் பரவியது. அங்குள்ள இனம் மூன்று தொகுதி குரோமோசோம்களைக் கொண்டு மலடாகிவிட்டதால், விதையின்றிக் கிழங்கினாலேயே பெருகுகிறது. தாத்தாரியர் தாங்கள் குடிக்கும் நீரைத் தூய்மையாக்க இதை நட்டுச் சென்றனர் என்று கதை சொல்லும் போலந்து மக்கள், அவர்கள் பெயராலேயே இதை அழைக்கின்றனர். பெந்தெகொஸ்தே திருநாளில் இதன் இலைகளை வீட்டுத் தரையில் பரப்புகின்றனர். இங்கிலாந்தின் தேவாலயங்களிலும் நறுமணத்துக்காக இலை பரப்பும் வழக்கம் இருந்தது.

தமிழகத்தில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமலிருக்க, வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்து முடிச்சாகக் கட்டி வைப்பர். 1886இல் தோன்றிய அடையாறு நூலகமும், உ.வே.சா. மறைந்த மறு ஆண்டான 1943இல் நிறுவப்பட்டு இன்று பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயர் கொண்ட நூலகமும் காத்துவரும் சுவடிகள், இத்தகைய பராமரிப்பு மரபின் வழியாகவே நூற்றாண்டுகளைக் கடந்து வந்தவை.

பூச்சியை விரட்டும் வசம்பு எண்ணெயில் உள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள், விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்க அரசு 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஐரோப்பிய இனத்தைவிட இந்திய வசம்பில் அதன் அளவு மிகுதி. சித்த மருத்துவம் வசம்பைச் சுட்டுக் கரியாக்குவதைச் ‘சுத்தி’, அதாவது நச்சுநீக்கும் முறை என்றே வகுத்திருக்கிறது. ஆகவே, பச்சையாக இழைத்துப் பச்சிளங் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுவதே தகும்.