177 அடி

குற்றாலத்தில் ஆசைதீரக் குளித்துவிட்டு, மேலகரம் தாண்டித் தென்காசிக்குள் நுழைகிறீர்கள். தூரத்திலிருந்தே தெரிகிறதே காசி விசுவநாதர் கோயில் கோபுரம்... சுமார் 178 அடி. சென்னை மவுன்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி! ஆனால் 1959-ல் எல்.ஐ.சி. திறக்கப்பட்டபோது போட்டிக்கு ஆளில்லை. தென்காசிக் கோபுரம் 1924-ல் நேர்ந்த விபத்தில் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நின்றுகொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், எல்.ஐ.சி. கட்டடத்தை ஆரம்பித்தது எல்.ஐ.சி. இல்லை! எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்... 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். தன்னுடைய யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆசைப்பட்ட கட்டடம் அது. லண்டனைச் சேர்ந்த பிரவுன், மவுலின் இருவரும் வரைபடம் போட, 1953-ல் வேலை தொடங்கியது. அதுவரை நம்மூரில் பாரத்தைச் சுமந்தது தடித்த சுவர். இங்கேயோ கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த தூண்கள். சுவர், சும்மா ஒரு மறைப்புதான்!

1954 மார்ச். சிங்கப்பூரில் தரையிறங்கும்போது விமானம் விபத்துக்குள்ளானது. செட்டியார் போய்விட்டார். வயது 45.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை வந்தால் சரிசெய்கிறவர்களின் காலில் விழுவதாகக் கல்வெட்டிலேயே பொறித்துவைத்தான். செட்டியாருக்கு அப்படிக் கேட்டுக்கொள்ளக்கூட நேரமில்லை. 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. பாதிக் கட்டடம் புது முதலாளி கைக்கு வந்தது. லண்டன்காரர்களும் நடுவில் கிளம்பிவிட, எல்.எம்.சித்தாலே பொறுப்பேற்று முடித்தார். செலவு 87 லட்சம். 1959 ஆகஸ்ட் 23-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். பிறகு, சினிமாவில் பட்டணம் என்றாலே சென்ட்ரல் ஸ்டேஷனும் இந்தப் பதினாலு மாடியும்தான்!

அடிப்படையில் அது அலுவலகக் கட்டடம். கடை, ஆபீஸ், வீடு மூன்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கினால்? அதற்கு வழி சொன்னவர் நம்ம பக்கத்து மனிதர்தான். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லூர் கான். சிகாகோவில் 1969-ல் எழும்பிய ஜான் ஹான்காக் சென்டர், 100 மாடி. கீழே கடைகள், கார் நிறுத்தம், அதற்கு மேல் ஆபீஸ், உச்சியில் வீடுகள். ஆபீஸுக்கு அகலமான தளம் வேண்டும். வீட்டுக்கோ அறைக்கு அறை ஜன்னல் வேண்டும், தளம் சின்னதாக இருந்தால்தான் சௌகரியம். ஆகவே கட்டடமே மேலே போகப்போகக் குறுகியது. காற்றைச் சமாளிக்க வெளிப்புறமெங்கும் பெருக்கல் குறி போல ராட்சத இரும்புச் சட்டங்கள்.

கீழே அகலம், மேலே குறுகல்... நம் கோபுரத்தில் பார்த்ததுதானே!

எல்.ஐ.சி.க்கும் சோதனை வந்தது. 1975 ஜூலையில் பெருந்தீ. மாடி மாடியாக எரிந்தும் தூண்கள் நின்றன. பழுதுபார்த்து மறுபடி குடியேறினார்கள். தென்காசிக்காரர்களோ 66 வருஷம் காத்திருந்தார்கள். 1990-ல் ஒன்பது நிலையோடு கோபுரம் திரும்ப எழுந்து, கும்பாபிஷேகம் நடந்தது.

அந்த ஓர் அடி அதிகத்தோடு!